வியாழக்கிழமை ஆட்டம்

7.6.2002, வெள்ளி
மகன் ரவிக்கு வார லீவு. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் இருக்கும் அவன் வீட்டிலிருந்து போன் செய்தான். தொண்டைப் புற்றுக்குக் குரல்வளையை எடுத்த பிறகு, என் பதிலெல்லாம் ரிசீவரில் தட்டுவதுதான். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை.

"சாப்டியாப்பா?" ஒரு தட்டு. "வலி இருக்கா?" இரண்டு தட்டு.

'உன்னோடு வந்து இருக்கட்டுமா?' இதை எப்படித் தட்டுவது? போன மாதமே சொல்லிவிட்டான்: "பாப்பா உன் கழுத்தப் பாத்து பயப்படுறாப்பா. கொஞ்ச நாள் போகட்டும்." என் மனைவி சந்திரம்மா உயிரோடு இருந்தால் எனக்காகச் சண்டை போட்டிருப்பாள்.

எதிர்வீட்டு கோவிந்தப்பா "ஊட்டா ஆய்த்தா?" என்று காதருகே வந்து கத்துகிறார். சாப்பிட்டேன் ஐயா. குரல் போனால் காதும் போய்விடுமா?

13.6.2002, வியாழன்
கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு வலது தோள் இறங்கிக் கிடக்கிறதென்று ஆஸ்பத்திரியில் மாடி ஹாலுக்கு அனுப்பினார்கள். டான்ஸாம். எல்லாம் புற்றுநோய்க்காரர்கள். எட்டுப் பெண்கள், ஆம்பளை நான் ஒருவன். பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவனுக்கு இது தேவையா? எண்ணி எண்ணிக் காலை வைத்தேன். "சார், மெஷின் ஓட்ற மாதிரி பண்ணாதீங்க" என்றாள் டீச்சர் சிந்து.

இனிப் போகமாட்டேன்.

20.6.2002
போனேன். வேறு எங்கே போவது?

ஜோடி சேரச் சொன்னார்கள். அல்சூரிலிருந்து வரும் ஜூடித்துக்கு மார்பில் ஆபரேஷன், இடது கை தூக்க வராது. "ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு. வாங்கண்ணா" என்று கையைப் பிடித்தாள். டாக்டர், நர்சைத் தவிர நாலு மாதமாக என்னை யாரும் தொட்டதில்லை.

11.7.2002
ஆடும்போது கழுத்துத் துணி அவிழ்ந்து விழுந்தது. நான் மூச்சு விடுகிற ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. ஓடிவிடப் பார்த்தேன். ஜூடித் எடுத்துக் கட்டிவிட்டு, "அடுத்த ஸ்டெப்புண்ணா" என்றாள். யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

வீட்டுக் கதவுச் சட்டத்தில் போன மாதம் போட்ட கோட்டுக்கு மேலே புதுக் கோடு போட்டு, டேப் வைத்து இரண்டு தடவை அளந்தேன். கை ஒன்றரை அங்குலம் கூடுதலாக ஏறுகிறது. வியாழக்கிழமைகளில் மாத்திரை இல்லாமலே தூக்கம் வருகிறது.

12.7.2002, வெள்ளி
ரவி கூப்பிடவில்லை.

1.8.2002
ஜூடித் வகுப்புக்கு வரவில்லை. முதுகெலும்புக்குப் பரவிவிட்டதாம், கீழே வார்டில் சேர்த்திருக்கிறார்கள். போனேன். பார்க்க வேறு யாரும் வந்திருக்கவில்லை. எழுந்து உட்காரவும் முடியவில்லை அவளுக்கு. "கை மட்டும் ஆடலாம்ணா. சிஸ்டர் திட்டமாட்டாங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆடினேன், அவள் படுத்தபடி. பஸ்ஸில் வரும்போது அழுதேன். சத்தம் வராததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

9.8.2002, வெள்ளி
ரவி நேரில் வந்தான். "உன் மருமககிட்ட பேசிட்டேன்பா. பாப்பாவுக்கும் சொல்லிப் புரிய வெச்சிட்டோம். துணிமணிய எடுத்து வை, போலாம்."

இந்த வார்த்தைக்குத்தானே காத்துக் கிடந்தேன். ஆனால் ஹெப்பகோடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று பஸ் மாற வேண்டும். தனியாக விடமாட்டார்கள். ஜூடித் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'இப்போது வரவில்லை. வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது.'

"ரிட்டயர் ஆன ஆளுக்கு என்னப்பா வேலை?"

சாயங்காலம் அவனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். வீடு அப்படியே இருக்கிறது. வியாழனுக்கு இன்னும் ஆறு நாள்.