மலர்விழி ஆற்றோடு கலக்கிறார்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே மழை. சன்னலுக்குக் கீழே கிள்ளான் ஆறு தே தாரிக் தேநீர் நிறத்தில். மலர் அதை "அழகான பழுப்பு" என்றாள். ஓவியரைக் கட்டிக்கொண்டால் இதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும்.

சனிக்கிழமை அவளுடைய இரண்டாவது ஆற்று நடை. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களைக் கரையோரம் கூட்டிப்போய், கொக்கும் உடும்பும் காட்டி, ஆற்றுச் சேற்றால் அவர்கள் சட்டையில் இலை அச்சு பதிப்பது திட்டம். முதல் நடைக்கு வந்தவர் ஒருவர். அவரும் கழிப்பறை தேடி வந்தவர். இம்முறையும் ஆள் வராவிட்டால் ஆற்றை விட்டுவிட்டு, ரவாங்கில் பிள்ளைகளுக்கு ஆப்பிள் வரையச் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் கவலை.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். சுவரொட்டிக்குத் தமிழ் வாசகம் என் பொறுப்பு. எழுதியது:

மலர்விழி
ஆற்றோடு கலக்கிறார்
சனி காலை, நடைபாலத்தருகே ஆற்றங்கரை
வெள்ளை உடை நலம். பசியாறல் உண்டு.

நடுவில் அவள் படம், கறுப்பு வெள்ளையில். வண்ணம் வைத்தால் சோப்பு விளம்பரம் போலாகிவிடுமாம். சுருக்கம், கண்ணியம். எனக்கே பிடித்துப்போயிற்று.

கொசு மருந்து வாங்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம். சாப்பாட்டுக் கடையில் ஒட்டினேன். கல்லாவிலிருந்த அண்ணன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இருங்க சார்." கலைக்கு இப்படியோர் ஆதரவு எதிர்பார்க்காதது.

லிஃப்டில் கீழ்மாடி சரோஜா ஆன்டி.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு."

"கூச்சம் ஆன்டி. போன தடவை யாருமே வரல."

ஆன்டி என்னை விநோதமாகப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். "நான் கண்டிப்பா வரேன் லா."

மலரிடம் சொன்னேன். "பாத்தீங்களா, ஆறுன்னா ஜனங்களுக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்றாள்.

ஜூன் 14, சனி

நல்ல வெயில், நல்ல சேறு. கரை நிறைய வெள்ளைச் சட்டை, வெள்ளைப் புடவை. சேதி கேட்டுப் பந்திங் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் பூ, பால். மலர் நெகிழ்ந்துபோய் ஓடி வந்து கும்பிட்டாள்.

சரோஜா ஆன்டி அலறினார். "ஐயோ! நீ செத்துட்டேன்னாங்களே!"

"யாரு ஆன்டி சொன்னா?"

"ஒம் புருஷந்தான்! ஊரெல்லாம் ஒட்டி வச்சிருக்காரு!"

அப்போதுதான் என் உரைநடையை நிதானமாக வாசித்தேன். பெயர், படம், ஆறு, வெள்ளை உடை, பசியாறல். அஸ்தி கரைப்பதற்கு வேண்டிய எதுவும் விடுபடவில்லை.

மலர் என்னைப் பார்த்தாள். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு வேனில் வந்தவர்களையும் தொற்றிக்கொண்டது.

கடை அண்ணன்: "வந்தது வந்தாச்சு. பசியாறிட்டு ஆத்தையும் பாத்துட்டுப் போவோம்."

பால் முழுக்கத் தேநீருக்குப் போயிற்று. எதிர்க்கரையில் உடும்பு ஏறியதும், "பியாவாக்கு பாரு!" என்று பந்திங்காரர் ஒருவர் கத்தினார். "இது குட்டி லா. எங்க தோட்டத்துக்கு வந்து பாருங்க." எங்கள் ஆற்று உடும்பை விட்டுக்கொடுக்காமல் சரோஜா ஆன்டி சண்டைக்குப் போனார். அவர் முதுகில் ஆலிலை அச்சு.

"கறை போவுமாடி?"

"போகாது ஆன்டி."

"அப்ப முன்னாலயும் ஒண்ணு போடு."

ஜூன் 15, ஞாயிறு

தூறல். மலரின் தொலைபேசி ஓயவில்லை. அடுத்தது எப்போது என்கிறார்கள். கிள்ளான் நகரிலிருந்தும் கூப்பிடுகிறார்கள், அவர்கள் பக்க ஆற்றுக்கும் வர வேண்டுமாம். ரவாங்குக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

சுவரொட்டி வாசகத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமே என்றேன்.

"வேணாம், நீங்களே எழுதுங்க. இந்தத் தடவை படம் மட்டும் உங்களோடது."