முகட்டில் ஒரு ஃபிர் கிளை

அக்டோபர் 19
முகட்டு மரமும் ஏறிவிட்டது. எல்லோரும் கைதட்ட, என் கணவன் ஏமஸ் உச்சியில் ஒரு ஃபிர் மரக் கிளையை வைத்து ஆணியடித்தான். வெர்மான்ட்டில் வீட்டின் மரச்சட்டம் எழும்பினால் அப்படித்தான். கூரை போட நேரமில்லை, இனி பனிதான். சுவருக்கான வைக்கோல் கட்டுகளையும் சட்டத்துக்குள்ளேயே அடுக்க வேண்டியதுதான். எங்களுக்கு மறுபடியும் டிரெய்லர் வண்டி வீடுதான். இரண்டாவது குளிர்காலம்.

அக்டோபர் 27
தார்ப்பாய் போர்த்தினோம். பக்கத்துப் பண்ணை ஹாலிஸ் வேலியில் சாய்ந்துகொண்டு, "ஏம்ப்பா ஏமஸ், எகிப்து மம்மிக்குச் சுத்தற மாதிரி சுத்திடாத. பச்சை மரம், காத்து போகணும். இல்லேன்னா பூஞ்சை பூத்துரும்" என்றார். பக்கங்களைச் சுருட்டிக் கட்டினோம். கட்டுகளைப் பலகைமேல் அடுக்கினோம். எல்லாம் சரியாகத்தான் செய்தோம்.

கிளையை எடுத்துவிடு என்றேன். "கூரை போடாம எடுத்தா வீடு முடியாது கோரா. எங்கப்பா எடுத்ததே இல்ல" என்று சிரித்தான். அதன் மேலேயே தார்ப்பாயை இழுத்தான்.

டிசம்பர் 12
தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 16
திடீரென்று வெப்பம், மழை. ஏமஸ் ஓரத்துக் கட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். "காஞ்சிருக்கு. சும்மா பயப்படாத."

மார்ச் 29
நாற்றம். அடுக்கின் நடுவில் கையை விட்டேன். சூடாக இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் தானாகச் சூடான ஒரே பொருள் அதுதான். அழுகுகிறது.

ஏறிப் பார்த்தோம். கிளையும் அதன் ஆணியும் காற்றில் உரசி உரசித் தார்ப்பாயில் ஓட்டை. உருகிய பனியெல்லாம் நேரே கட்டுகளுக்குள்.

கத்தினேன். "ஒரு குச்சிய எடுக்கச் சொன்னேன்! ஒரே ஒரு குச்சி!" அவன் ஓட்டையைக் கையால் மூடப் பார்த்தான். அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஏப்ரல் 8
பாதிக்கு மேல் போய்விட்டது. புது வைக்கோல் அறுவடைக்குப் பிறகுதான். அப்புறம் சுவர் வைத்துப் பூசினால் உறைபனிக்கு முன் காயாது. ஆக, மூன்றாவது குளிர்காலம். முடியாது — என்னால முடியவே முடியாது. அவனிடம் சொல்லிவிட்டேன்.

"நீ டவுனுக்குப் போ. நான் இருந்து முடிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்றான்.

போகவா? போனால் திரும்பி வருவேனா?

ஏப்ரல் 9
மழை.

ஏப்ரல் 30
ஹாலிஸிடம் போய், மாட்டுக் கொட்டகைக்கு எங்கள் மரச்சட்டம் வேண்டுமா என்று ஏமஸே கேட்டிருக்கிறான். ஹாலிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

ஜூன் 6
மர முளையாணிகளைத் தட்டிச் சட்டத்தைக் கழற்றி, ஹாலிஸின் மேட்டில் இன்று எழுப்பினார்கள். சமையலறை ஜன்னலுக்கென்று செதுக்கிய தூணின் பக்கம் இனி மாடு நிற்கும்.

ஹாலிஸ் கிளையை நீட்டினார். "நீதான்பா அடிக்கணும். நீ செதுக்கின மரம்."

ஏமஸ் வாங்கவில்லை. "மொதல்ல கூரையப் போடுங்க."

நாளை டவுனுக்கு. சலவைக்கடை மாடியில் இரண்டு அறை. ஏமஸும் வருகிறான். உளிகளை ஹாலிஸிடமே கொடுத்துவிட்டான்.