பதினைந்து எம்.எம். லென்ஸ்

ஞாயிறு இரவு, டாக்குரியா.

இன்று அண்ணாவை ஜெயித்துவிட்டேன். அப்பா எடுத்த பழைய எட்டு எம்.எம். ஃபிலிமை ப்ரொஜெக்டரில் போட இருபத்தைந்து எம்.எம். லென்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான். "கேமராவுல பெரிய நம்பர்னாத்தானேடி கிட்ட வரும்?"

ப்ரொஜெக்டரில் அது நேர்மாறு என்று சொன்னால் கேட்டால்தானே! எங்கள் சின்ன ஹாலில் அவன் லென்ஸ் காட்டிய படம் காலண்டர் அளவுதான் இருந்தது. நான் பதினைந்தை மாட்டினேன். படம் ஜன்னல் அளவுக்கு விரிந்தது.

அந்தப் படத்தில் பூஜா பந்தலில் டாக் மேளம் அடிக்கும் மொட்டைத்தலைக் குழந்தை தான்தான் என்று இத்தனை வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் எங்கள் இருவருக்குமே மொட்டை. ஆனால் இன்று அந்தக் குழந்தையின் காதில் ஜிமிக்கி ஆடியது தெரிந்தது.

"சரி, நீதான்டி," என்றான்.

மறுபடி போடச் சொன்னேன். அவன் கையாலேயே.