வாசலில் நின்ற டாம்சின்

லண்டன், நவம்பர் 1856

அன்புள்ள டாம்சினுக்கு,

உன் இருமல் நின்றதா? நான் நலம்.

புதுத் தேவாலயத்தின் படத்தை வரைந்து முடித்தேன். வாசலின் உயரம் விளங்க ஓர் ஆளை வரைவது எங்கள் வழக்கம். நான் உன்னை வரைந்துவிட்டேன். கட்டடக்கலைஞர் தாக்வெல் பார்த்துவிட்டு, "யாருய்யா இந்தக் குட்டைப் பொம்பள? கதவு ராட்சசன் வீட்டுக் கதவாட்டம் இருக்கு. பாதிரியார் செலவுக்குப் பயந்து ஓடிடுவாரு" என்றார்.

"என் பொண்டாட்டிங்க. இவ்வளவுதான் இருப்பா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தாளிலிருந்து உன் மையைக் கத்தியால் சுரண்டிவிட்டு ஒரு நெட்டையனை நிறுத்தினேன். பிறகுதான் சந்தேகம் வந்தது: நீ என் தோள்வரை வருவாயா, காதுவரையா?

கம்பளிக் காலுறை அனுப்பும்போது, உன் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி உள்ளே வை. அளவு பார்க்கத்தான் கேட்கிறேன். ஆனால் நூலைத் திருப்பித் தரமாட்டேன்.

தபால் கிளம்புகிறது.

உன் ஜேபஸ்