மஞ்சள்கால் சேவல்

பிப்ரவரி 12

மலைமேல் குண்டூர் நாட்டில் முதல் நாள். விடியுமுன் போனால்தான் கோழி கூட்டுக்குள் இருக்கும். திறந்துவிட்ட பிறகு போனால் நாள் முழுக்க அதன் பின்னால் ஓட வேண்டியதுதான். நான்கு வீடு, முப்பத்தொரு கோழி. மரபணு ஆய்வுக்கு இறக்கையடியில் குத்தி இரண்டு சொட்டு ரத்தம். கோழிக்கொரு ஊசி, வீட்டுக்கொரு கையுறை. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. "வனிதா மாதிரி சுத்தம் பார்க்கிற மாணவி எனக்கு வாய்த்ததில்லை" என்பார் என் வழிகாட்டி நவநீதகிருஷ்ணன் சார். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

பிடித்த கோழிகளை அடைத்துவைக்க அண்ணனின் நாமக்கல் கோழிப்பண்ணையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைத் தூக்கிவந்தேன். அது இல்லையென்றால் திண்டாடியிருப்பேன்.

பிப்ரவரி 13

மீதி ஐந்து வீடும் முடிந்தது. ஒன்பதில் ஆறாவது, கலைமணி அக்கா வீடு. அவர் சேவல் கூட்டில் அடைவதில்லை, பலா மரத்தில் ஏறிக்கொள்கிறது. பிடிக்க முக்கால் மணி நேரம். மஞ்சள் கால், சாம்பல் கழுத்து, ஆளை முறைக்கிற கண்.

"இதோட அப்பன் காட்டுச்சேவலுதான் கண்ணு. செங்கோடன் இல்லவே இல்லைங்கறான். நீ ரத்தத்தப் பாத்து அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடு."

பக்கத்து வீட்டுச் செங்கோடன் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து, "ரத்தம் எடுத்தாச்சில்ல, கொழம்பையும் வெச்சுரச் சொல்லு" என்றார். சிரித்தோம். முடிவு வந்ததும் நானே வந்து சொல்கிறேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 15

ஆய்வகம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது: வீட்டுக்கோழியின் முதல் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அதற்கு மஞ்சள் கால் கிடையாது. மஞ்சள் தோலுக்கான மரபணு நம் பக்கத்துச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்றோ வந்து கலந்தது. அண்ணன் பண்ணையில் நிற்கும் அத்தனை வெள்ளைக்கோழிகளின் காலிலும் அதுதான். இந்த மாதிரிக் காட்டிலிருந்துதான் நாமக்கல் ஷெட்டுக்கு இறங்கியிருக்கிறது.

பிப்ரவரி 19

கலைமணி அக்கா போன். "பச்சையாக் கழியுது கண்ணு. கழுத்தத் திருகிக்கிட்டு நிக்குது. சேவலு மரத்துல ஏறமாட்டேங்குது."

பிப்ரவரி 20

சேவல் செத்துவிட்டது.

பிப்ரவரி 22

மலைக்குப் போனேன். ஒன்பது வீட்டிலும் அறுபத்தெட்டில் ஏழுதான் மிச்சம். அடைகாத்த கோழி முட்டைமேலேயே செத்துக் கிடந்தது. பரிசோதனைக்குச் செத்ததில் இரண்டை எடுத்துக்கொண்டேன்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். செங்கோடன் கலைமணி அக்காவைக் காட்டிச் சொன்னார்: "போன சந்தையில இவ ஒரு வெடக்கோழி வாங்கியாந்தா. அதுலதான் வந்திருக்கோணும். ஏனுங்க, அப்படி வருமுங்களா?"

"வரலாங்க" என்றேன்.

சந்தைக் கோழியால் நோய் வருவது புத்தகத்திலேயே இருக்கிறது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 26

வெள்ளைக்கழிச்சல்தான், பேர் வெள்ளை என்றாலும் பச்சையாகவும் கழியும் தொற்றுநோய். உறுதியாகிவிட்டது.

எந்த வீட்டில் என்றைக்கு முதல் கோழி செத்தது என்று போனில் கேட்டு எழுதினேன். முதல் சாவு பதினாறாம் தேதி, நான் முதலில் நுழைந்த வீட்டில். அடுத்தது இரண்டாவது வீடு. அப்புறம் மூன்றாவது. அக்காவுக்கு முன்னாலேயே ஐந்து வீட்டில் செத்திருக்கிறது. நான் கால்வைக்காத மேல்வளவு வீடுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.

ஊசி மாற்றினேன். கையுறை மாற்றினேன். செருப்பைக்கூட மருந்துத் தண்ணீரில் நனைத்தேன். கிரேட்?

அண்ணனைக் கேட்டேன். "ஜனவரில மூணாவது ஷெட்ல முட்டை எண்ணிக்கை கொஞ்சம் இறங்குச்சு. நம்முளுது தடுப்பூசி போட்ட கோழி, ஒண்ணும் சாகல. ஏன் கேக்கற?"

அந்த ஷெட் வாசலில் இருந்துதான் எடுத்தேன். காய்ந்த எச்சத்தோடு. தடுப்பூசி போட்ட கோழி சாகாவிட்டாலும் அதன் எச்சத்தில் கிருமி இருக்கும். நானே என் கையால ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் தூக்கிட்டுப் போயிருக்கேன். கடவுளே.

பிப்ரவரி 27

கிரேட்டை எரித்தேன். இனி எரித்து யாருக்கு என்ன?

மார்ச் 2

சாரிடம் சொன்னேன். "கோழி சாவது எங்கும் நடப்பதுதானம்மா. மாதிரிகள் கிடைத்துவிட்டனவே. அறிக்கையில் இதெல்லாம் எதற்கு?" தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 9

கலைமணி அக்காவின் காட்டில் விளைந்த குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பிடுங்க ஒருவரும் போகவில்லையாம். அங்கே மாற்றாள் வைத்துத்தான் வேலை நடக்கும், இன்று உன் காடு, நாளை என் காடு. அக்காவை யாரும் கூப்பிடுவதுமில்லை. புருஷனில்லாத பொம்பளை, ஒற்றை ஆளாய் எவ்வளவு பிடுங்குவார்? என் ஒரு 'வரலாங்க' செய்த வேலை.

மார்ச் 14

போய்ச் சொல்லிவிட்டேன். எல்லோரையும் கூட்டி, நின்றுகொண்டே. "நான் கொண்டாந்த கிரேட்லதாங்க நோய் வந்துச்சு. அக்கா மேல ஒரு தப்பும் இல்லீங்க."

காளியண்ணன்தான் அந்த ஊரில் பெரியவர். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "நல்ல மனசுங்க உங்களுக்கு. அவ அழுதாளாக்கும், காப்பாத்தலாமுன்னு பாக்கறீங்க. கோழிக்கு ஒரு ஊசி மாத்துனத நாங்க கண்ணால பாத்தோமுங்க. உங்களால வருமுங்களா?"

பட்டியலைக் காட்டினேன். தேதிகளைப் படித்தேன். செங்கோடன் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். எவ்வளவு கத்தினாலும் அவர்கள் முகத்தில் அந்தப் பரிவு மாறவில்லை. பொய் சொன்னப்ப ஒத்த வார்த்தைல நம்புனாங்களே!

அக்கா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். கலைந்து போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

மே 4

மரபணு முடிவு வந்துவிட்டது. வாக்குக் கொடுத்தேனே என்று போனேன்.

பாதிக் காட்டில் கிழங்கு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. வாசலில் ஐந்து குஞ்சுகள், அரியூர் நாட்டில் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தவையாம். வேலிப் படலைத் திறக்கக் கை வைத்தேன். அக்கா ஓடிவந்து குஞ்சுகளை முந்தானையில் வாரிக்கொண்டார்.

"அங்கயே நில்லுங்க."

நின்றேன். ரோட்டிலிருந்தே சொன்னேன்: "அக்கா, சேவலுக்கு அப்பன் காட்டுச்சேவல்தான். நீங்க சொன்னதுதான் சரி."

"சரிங்க" என்றார். குஞ்சுகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஊரில் கிரேட்டைப் பற்றி நான் சொன்னதை நம்பியவர் அவர் ஒருவர்தான்.