வெறும் வயிற்றுக்குக் காத்திருந்த ஸ்கேன்

அத்தா,

இன்று மத்தியானம் ஸ்கேன் மெஷின் கட்டிலைத் தேடி வந்ததைப் பார்த்தேன். அதே ஆஸ்பத்திரி, அதே அவசரப் பிரிவு. பக்கத்து லைன் வீட்டு டெய்லர் அண்ணன் பரோட்டா தின்ற கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். முன்பு மாடியில் பூட்டிக் கிடந்த சாமான் இப்போது சின்னதாகி, சக்கரம் முளைத்து உருண்டு வருகிறது. டூட்டி டாக்டரே பசையைத் தடவி வைத்துப் பார்த்தார்.

"சாப்புட்டுட்டாருங்களே டாக்டர்," என்றேன்.

"சாப்புட்டா என்னப்பா? கல்லு இருந்தா பெரும்பாலும் தெரிஞ்சுரும். அவசரத்துக்கு வந்தவர்கிட்ட வெறும் வயித்தோட வாங்கன்னா சொல்ல முடியும்?"

அண்ணனுக்குக் கல் இருந்தது. நான் வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

போன ரம்ஜான் மாதத்தில் உங்களுக்கு நெஞ்சுக்குழியில் ஆரம்பித்த வலி, வலது விலாவுக்குக் கீழே வந்து குடியேறியது. எல்லாரும் வாயு என்றார்கள். "துணி வெட்டுற கட்டிங் மாஸ்டருக்கே வயித்துல கட்டிங்கா," என்று நான் கேலி செய்தேன். ஒரு நாள் காலையில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள். இதயத்தில் கோளாறு இல்லை, பித்தப்பையில் கல்லாக இருக்கலாம் என்றார் அன்றைய டூட்டி டாக்டர். ஸ்கேன் டாக்டர் கோயமுத்தூரிலிருந்து சாயங்காலம்தான் வருவார், அதுவரை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும்.

உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க, நோன்பாளிகிட்ட வந்து இதச் சொல்றீங்களே."

அம்மா கெஞ்சினாள். "முடியாதவங்களுக்கு நோன்பு கடமையில்லீங்க. விட்டுருங்க."

"எப்படியும் பட்டினிதான் கெடக்கணுங்கறாங்க. ஒரே பட்டினில ரெண்டு காரியம். லாபந்தானே?"

துணியில் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்ட செக்கிங்கில் ஒட்டுவார்களே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அது எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். எத்தனை முறை உங்கள் முதுகில் ஒட்டி, கம்பெனி முழுக்க உங்களை டேமேஜ் பீஸாக உலவ விட்டிருக்கிறேன். அன்று கட்டிலில் உங்களைச் சிரிக்க வைக்க ஏதேதோ உளறினேன். ஒவ்வொரு முறையும் உங்கள் சிரிப்பு பாதியிலேயே மூச்சோடு அறுந்தது. கை ஒரே இடத்துக்குப் போனது.

"சிரிக்க வெக்காத கண்ணு. மூச்ச இழுத்தா அங்க புடிக்குது."

அந்த இடத்தில் ஒரு அம்பு ஒட்டினேன். நர்ஸ் அக்கா வந்து உரித்துப் போட்டார். "ஆஸ்பத்திரில என்ன தம்பி வெளையாட்டு?"

விளையாட்டுதான். ஆனால் அதை விட்டால் என் கையில் வேறென்ன இருந்தது? மாடிக்கு ஓடிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் மெஷின், கதவில் பூட்டு, சாவி கோயமுத்தூரில்.

சாயங்காலம் டாக்டர் வரும் முன்னே நோன்பு திறக்கும் பாங்குச் சத்தம் வந்தது. நெற்றி நிறைய விபூதியோடு வாட்ச்மேன் ஐயா ஒரு போசியில் பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வந்து நின்றார். "பாய், நோன்பு தொறங்க. ஆறிப் போயிரும்."

"தண்ணியோட நிறுத்திக்கங்க அத்தா," என்று உங்கள் காதில் சொன்னேன்.

"மனுசன் நடந்து போய் வாங்கியாந்திருக்காரு. மொகம் வாடிரும் கண்ணு." நாலு வாய் குடித்தீர்கள்.

அப்புறம் ஸ்கேன் டாக்டர் வந்தார். "சாப்புட்டாச்சா? பித்தப்பை சுருங்கியிருக்குமே. நாளைக்கு வாங்க."

"கஞ்சிதாங்க டாக்டர். அதுலயும் பாதி தண்ணிதாங்க," என்று பேரம் பேசினேன். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வயிறு காலியாக இருந்தபோது டாக்டர் இல்லை. டாக்டர் இருந்தபோது வயிறு காலியில்லை. யார்மேல் கோபப்படுவது? டாக்டர் தனக்குத் தெரிந்த முறையைச் சொன்னார். வாட்ச்மேன் அன்பைக் கொண்டுவந்தார். நீங்கள் மரியாதைக்குக் குடித்தீர்கள்.

மறுநாள் காலை குளிர்ஜுரத்தில் உங்கள் கட்டிலே ஆடியது. டாக்ஸி பிடித்துக் கோயமுத்தூர் போனோம். வயிற்றைத் திறந்தவர்கள், பித்தப்பை அழுகிக் கிழிந்துவிட்டது என்றார்கள். நீங்கள் கண் திறக்கவேயில்லை.

அன்று சாயங்காலமே பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் இருந்திருப்பீர்களா? இன்று அந்த டாக்டரிடம் கேட்க வாய் வரை வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அம்மா இன்னும் கஞ்சியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். பரோட்டாக் கதையை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல்தான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

சேட்டையை நான் விடவில்லை அத்தா. அம்மாவைச் சிரிக்க வைக்க இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆனால் அவள் சிரிக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, மூச்சைப் பார்க்கிறேன். அது எங்கும் பிடிக்காமல் கடைசி வரை போய் இறங்குகிறதா என்று காத்திருக்கிறேன். இறங்கிய பிறகுதான் நான் மூச்சு விடுகிறேன்.