மகியங்கனைப் பாதையில் ஒரு நிறைந்த போத்தல்

தேசிக்காயை நறுக்கி உப்போடு போத்தலில் பிழிந்ததும் சமையலறை முழுக்க உன் வாசமடி, சிநேகிதி. நாளை விடிந்ததும் மகியங்கனைக்குச் சைக்கிளில் போகிறேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. உன் கருமாதி முடிந்த நாளிலிருந்து நம் ஊர் மஹய்யாவையில் இதே பேச்சுத்தான்: "வெயில்ல சைக்கிள் ஓடி ஓடியே அந்தப் புள்ள ஒடம்பக் கெடுத்துக்கிச்சு." உன்னைக் கொண்டுபோனது டெங்குக் காய்ச்சல். கொசுவை விட்டுவிட்டுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்கள். என்னுடையதையும் விற்றுவிடச் சொல்கிறார்கள். உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, அதற்கு முன்னால் கோபம் வந்துவிடுகிறது.

நாம் முதன்முதலாக அங்கே போன நாள் நினைவிருக்கிறதா? ஹுன்னஸ்கிரியாவில் கை விறைக்கும் குளிர். மலைப்பாதையின் பதினெட்டு வளைவையும் இறங்கினால் அடுப்படிக்குள் நுழைந்ததுபோல் வெயில். ஹசலக்க தாண்டியபோது எனக்கு வியர்வை நின்றுபோயிற்று. அந்த வெயிலிலும் உடம்பு புல்லரித்தது, கண்முன்னே பாதை ஆடியது. நீ என்னை இறக்கி ஒரு மருத மரத்தடியில் உட்காரவைத்தாய். பிறகு என் போத்தலைத் தூக்கிப் பார்த்தாய்.

"அப்பிடியே நெறஞ்சு கெடக்கு. சாமிக்கு நேந்துக்கிட்டியாடி?"

"குடிச்சா எங்கடி போறது?"

வெளியூர் போவதென்றால் முதல்நாளே தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும் என்பது நம் இரு வீட்டுப் பெண்களின் வழக்கம். கதிர்காமம் வரை பஸ்ஸில் போனாலும் அம்மா நாக்கை நனைப்பதோடு சரி. அதைச் சமர்த்து என்றே நானும் நம்பியிருந்தேன்.

"சமர்த்தாம் சமர்த்து! செத்துப் போயிருப்ப" என்று என் பிடரியில் தண்ணீரை ஊற்றினாய். உன் தேசிக்காய்த் தண்ணீர்ப் போத்தலில் உப்பும் சீனியும் போட்டுக் குலுக்கினாய். "மடமடன்னு குடிச்சா வாந்தி வரும். வாய் வாயாக் குடி. இனிமே தாகம் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காத."

குடித்தேன். தலை தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் நான் பயந்ததும் வந்தது. அருகில் இருந்த ஒரே கடையின் வாசலில் வாங்கு நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடக்கிக்கொள்கிறேன் என்றேன். நீயோ நேரே போய், கக்கூஸ் எங்கே என்று கடைக்கார அம்மாவிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் கேட்டாய். ஒருவர் சிரித்தார். "ஏன், உங்க வீட்டுல யாரும் போறதில்லையா?" என்று அவரிடமும் சிங்களத்திலேயே திருப்பிக் கேட்டாய். கடைக்கார அம்மா வாய்விட்டுச் சிரித்து, பின்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். திரும்பும்போது நமக்கு இளநீரும் வெட்டித் தந்தார். அன்று மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு நிறுத்தி என்னைக் குடிக்க வைத்தாய்.

இப்போது அம்மா வந்து எட்டிப் பார்த்தார். தடுத்துப் பயனில்லை என்று புரிந்துவிட்டது போலும், புத்தி சொல்லத் தொடங்கினார்.

"போறதுன்னா போ. தண்ணிய மட்டும் கொறச்சிக் குடி. வழியில பொம்பளைக்கு ஏது எடம்?"

"கேட்டா தொறப்பாங்கம்மா. தொறக்கலன்னா அடுத்த வீட்டுல கேப்பேன்."

"மானம் போயிரும்டி."

"உசிரு போறதுக்கு அது பரவாயில்ல."

உன் சத்தமான குரல்தான் என்னிடம் மிச்சம். நாளை அதே பாதையில், யார் சிரித்தாலும், அந்தக் குரலிலேயே கேட்பேன். நீ இல்லை என்பதற்காக நான் வாய் காய்ந்து வீடு திரும்பப் போவதில்லையடி.